எச்சரிக்கை இல்லாத பிழை

ரஸ்ட் நூலகங்களின் ஆவணங்களில் பழைய எச்டிஎம்எல் பாதைகளை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில், வகை, ஃபங்ஷன் முதலியவற்றின் பெயரைக் கொண்டே இணைக்கும் 'இன்ட்ரா-டாக்' இணைப்புகளை எழுதும் வழக்கம் 2020 நவம்பரில் வெளியான ரஸ்ட் 1.48க்குப் பின் பரவலானது. இணைப்புகளை இனி ரஸ்ட்டாக் கருவியே சரிபார்த்துவிடும், எனவே ஆவணத்தை நம்பலாம் என்பது இந்த மாற்றத்துக்கு ஆதரவாக எங்கும் சொல்லப்படும் வாதம். டோக்கியோ போன்ற ஓர் அசிங்க் நூலகத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் தவறு.

மாற்றத்தால் நன்மை உண்டு. ஒரு வகையை வேறொரு மாட்யூல் வழியாக மறு ஏற்றுமதி செய்தால் பழைய சார்புப் பாதை உடைந்துபோகும். புதிய இணைப்பு உடையாது. டோக்கியோ 0.3இல் 'டிலே ஃபார்' என்ற ஃபங்ஷன் 'ஸ்லீப்' ஆனதுபோல் பெயர் மாறினால், பழைய பாதை சத்தமின்றிச் செத்துக் கிடக்கும். இன்று ரஸ்ட்டாக்கின் லிண்ட் எச்சரிக்கும். மூலக் குறிப்பை எடிட்டரில் வாசிப்பதும் எளிதாகிவிட்டது. பழைய முறைக்குத் திரும்பும்படி யாரும் கேட்கவில்லை.

ஆனால் லிண்ட் எதைச் சரிபார்க்கிறது? அந்தப் பெயரில் ஏதோ ஒன்று இருக்கிறதா என்பதை மட்டுமே. அந்த வாக்கியம் பேசுவது அதைப் பற்றித்தானா என்பது அதற்குத் தெரியாது. பெரும்பாலான நூலகங்களில் இந்த இடைவெளி சிறியது. டோக்கியோவில் மிகப் பெரியது. காரணம், அது ஸ்டாண்டர்டு நூலகத்தின் பெயர்களையே வேண்டுமென்று எடுத்துக்கொண்ட நூலகம். ம்யூட்டெக்ஸ், ஆர்டபிள்யூலாக், பேரியர், ஃபைல், டிசிபிஸ்ட்ரீம், கமாண்ட், இன்ஸ்டன்ட், ஸ்லீப் எல்லாமே இரு பக்கமும் இருக்கின்றன. பெயர் ஒன்று, நடத்தை வேறு. ஸ்டாண்டர்டு 'ஸ்லீப்' திரெட்டையே நிறுத்திவைக்கும். அந்தத் திரெட்டில் ஓட வேண்டிய மற்ற டாஸ்க்குகளும் காத்துக் கிடக்கும். டோக்கியோவின் 'ஸ்லீப்' அந்த ஒரு டாஸ்க்கை மட்டும் ஒதுக்கிவைத்துத் திரெட்டை விட்டுக்கொடுக்கும். அசிங்க் நிரலாக்கத்துக்குப் புதிதாக வருபவர் முதலில் கற்க வேண்டிய வேறுபாடே இதுதான்.

பழைய பாதை நீளமாகவும் அசிங்கமாகவும் இருந்தாலும், எந்த நூலகத்தின் ம்யூட்டெக்ஸ் என்பதை வெளிப்படையாகச் சொன்னது. மொத்தமாகத் தேடி மாற்றும்போது அது அடைப்புக்குறிக்குள் வெறும் 'ம்யூட்டெக்ஸ்' என்று சுருங்கிவிடுகிறது. ரஸ்ட்டாக் அதை, அந்தக் குறிப்பு எழுதப்பட்ட மாட்யூலின் பார்வையெல்லைக்குள் தேடும். அங்கே 'யூஸ்' வரி எதைக் கொண்டுவந்திருக்கிறதோ அதனுடன் இணைக்கும். இரு நூலகங்களின் ம்யூட்டெக்ஸும் உண்மையில் இருப்பவை என்பதால் எச்சரிக்கை வராது. இதைவிடக் கேடானது அடுத்து நடக்கக்கூடியது: பின்னொரு நாள் ஒருவர் அந்த 'யூஸ்' வரியை மாற்றினால், ஆவணத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே இணைப்பு வேறிடம் போய்விடும். மாற்றத்தைப் பரிசீலிப்பவரின் கண்ணில் அது படவே படாது.

டோக்கியோவின் ம்யூட்டெக்ஸ் பக்கம் இதற்கு நல்ல சான்று. அசிங்க் நிரலிலும் பல இடங்களில் ஸ்டாண்டர்டு ம்யூட்டெக்ஸே போதும், சிறந்ததும்கூட என்று அது சொல்கிறது. இத்தகைய பத்தியில் ஓர் இணைப்பு இடம் மாறினால் அறிவுரையே தலைகீழாகும்.

பெயரில்லாதவற்றின் நிலை இன்னும் மோசம். அசிங்க் ஆவணத்தின் உயிர், 'கேன்சல் சேஃப்டி' போன்ற தலைப்புகளின் கீழ் இருக்கிறது. 'செலக்ட்' மேக்ரோவில் வேறொரு கிளை முந்திக்கொண்டால், 'ரீட் எக்ஸாக்ட்' பாதி வாசித்த தரவு தொலைந்துபோகலாம் என்ற எச்சரிக்கை அங்கேதான் கிடைக்கும். அந்தத் தலைப்புக்கு இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் அப்படியொரு தலைப்பு அப்பக்கத்தில் இருக்கிறதா என்று ரஸ்ட்டாக் பார்ப்பதில்லை. தலைப்பைத் திருத்தினால் வாசகர் பக்கத்தின் உச்சியில் இறக்கிவிடப்படுவார். நடத்தை மாறும்போதும் கதை இதுவே. 2020 ஏப்ரலில் டோக்கியோ 0.2.14, ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு வரம்பு வைத்து, அது தீர்ந்ததும் தானாக விட்டுக்கொடுக்கச் செய்தது. நூலகத்தின் ஓட்டமே மாறியது. எந்தப் பெயரும் மாறவில்லை. இத்தகைய மாற்றத்தில் காலாவதியாகும் ஒரு வாக்கியத்தைக்கூட எந்த லிண்ட்டாலும் சுட்டிக்காட்ட முடியாது.

கருவியின் வரம்பைக் குறையாகச் சொல்லவில்லை. அதன் மௌனத்தையே பரிசீலனையாக எடுத்துக்கொள்வதுதான் குறை. நூற்றுக்கணக்கான வரிகள் மாறியிருக்கும்; எச்சரிக்கை ஒன்றும் இல்லை என்பதே ஏற்பதற்குப் போதுமான காரணமாகிவிடும்; அந்த வரிகளைச் சுற்றியுள்ள பத்திகளை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். இப்படிச் செய்யப்படும் மாற்றத்தைவிட உடைந்த பழைய இணைப்பே மேல் என்பேன். உடைந்த இணைப்பு தன் பிழையை வாசகரிடம் ஒப்புக்கொள்கிறது. தவறான இடத்துக்குச் சரியாகக் கொண்டுசேர்க்கும் இணைப்பு ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே இந்த வேலையை ஏற்பவர்களிடம் கேட்பது இவைதான். இரு நூலகங்களிலும் உள்ள பெயர்களுக்கு எப்போதும் முழுப் பாதையை எழுதுங்கள். தலைப்புகளுக்கான இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நூலகம் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றாமல், மாட்யூல் மாட்யூலாக, பத்தியை வாசித்த பிறகு மாற்றுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால் மாற்றாதீர்கள்.