ஆபீசுக்குத் தெரியணுமாம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி இன்னும் 50 கிலோமீட்டர் போனால் கடப்பாக்கம். பாண்டிச்சேரி பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அங்கே நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். காலையில் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்தாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கோட்டையை 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்துப்போட, மிச்சம் உப்பங்கழி ஓரமாக நிற்கிறது. சாயந்திரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்திருந்த ஒரு டாகுமெண்டரியைப் போட்டேன்.

‘தி கேஸ் அகெய்ன்ஸ்ட் எய்ட்’. அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்துக்காக நடந்த ஒரு வழக்கைப் பற்றிய படம். 2014-ல் வந்தது. பென் காட்னர், ரயன் வைட் என்று இரண்டு இயக்குநர்கள். அந்த வருட சன்டான்ஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசு வாங்கியது.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது, நண்பர் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா படம் சார் இது? ஒரு சண்டையும் காணோம், பாட்டும் காணோம்?”

“கோர்ட்டு கேஸும்மா. இந்த ரெண்டு பொம்பளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கணும்னு கேஸ் போட்டிருக்காங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “புள்ளைங்க இருக்குதா?”

“நாலு பசங்க.”

“நாலும் ஆம்பளப் புள்ளைங்களா? அய்ய, பாவம்.”

அவர் கவலை வேறு. நான் கதைக்கு வருகிறேன்.

2008 மே மாதம் கலிஃபோர்னியாவின் மாநில உச்ச நீதிமன்றம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பு சொன்னது. சில மாதங்களுக்குள் சுமார் 18,000 ஜோடிகள் பதிவு செய்துகொண்டார்கள். அதே வருடம் நவம்பரில், ஒபாமா ஜெயித்த அதே தேர்தல் நாளில், ‘கூடாது’ என்று மக்களிடம் ஓட்டு வாங்கி, மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த முன்மொழிவின் எண் 8. அதை எதிர்த்து 2009-ல் இரண்டு ஜோடிகள் வழக்குப் போட்டார்கள். கிறிஸ் பெர்ரி – சாண்டி ஸ்டையர் என்ற பெண்கள் ஒரு ஜோடி, பால் கட்டாமி – ஜெஃப் ஜரில்லோ என்ற ஆண்கள் இன்னொரு ஜோடி. தீர்ப்பு வரும்வரை கேமரா அவர்கள் கூடவே போயிருக்கிறது.

வழக்கை நடத்தியவர்கள் டெட் ஓல்சன், டேவிட் பாய்ஸ். 2000-ல் புஷ்ஷா, அல் கோரா என்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் ஓல்சன் புஷ் பக்கம், பாய்ஸ் கோர் பக்கம். நம்மூரில் என்றால் இரண்டு கழகங்களின் வக்கீல்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே மனுவைத் தயார் பண்ணுகிற மாதிரி. படத்தின் பாதி சுவாரஸ்யம் இதில்தான். 2010-ல் நடந்த விசாரணையின் வீடியோவைக் காட்டத் தடை இருந்ததால், வாதிகளும் வக்கீல்களும் சாட்சியப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் தாங்கள் சொன்னதைத் தாங்களே படிக்கிறார்கள். படித்துக்கொண்டே வரும்போது ஒரு வரியில் குரல் உடைகிறது. வீடியோ கிடைத்திருந்தால்கூட இது கிடைத்திருக்காது.

எதிர்த்தரப்பு சாட்சியாக வந்த டேவிட் பிளாங்கன்ஹார்ன் 2012-ல் மனம் மாறி, தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று பகிரங்கமாக எழுதினார். அவரும் படத்தில் பேசுகிறார். கோர்ட்டில் தோற்ற மனிதர், தோற்றதைவிடப் பெரிய ஒன்றைச் செய்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்.

நமக்கு இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. 2013 ஜூனில் தீர்ப்பு வந்து தடை நீங்கியதும், லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் ஊழியர்கள் தயங்குகிறார்கள். ஒரு பெண்மணி போனில் வந்து, உடனே ஆரம்பியுங்கள் என்று சிரித்துக்கொண்டே உத்தரவு போடுகிறார். அப்போது கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த கமலா ஹாரிஸ்! கிறிஸ் – சாண்டி திருமணத்தை சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் நடத்திவைத்ததும் அவர்தான். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தின் பேத்தி என்று 2020-லும் 2024-லும் பேனர் வைத்துக் கொண்டாடினோமே, அவரேதான். நான் பார்த்த பேனர் எதிலும் இந்தச் சாதனை இல்லை.

இவ்வளவு நல்ல படத்தில் எனக்கு என்ன பிரச்னை?

வழக்குக்கு ஜோடி தேடுகிற காட்சிகள். யாரை வாதியாக நிறுத்தலாம் என்று சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். நல்ல வேலை, நிலையான உறவு, பழைய வில்லங்கம் ஏதும் இருக்கக் கூடாது. டி.வி-யில் பார்க்கிற ஆள் ‘நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே இருக்கிறார்களே’ என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்கிற படலம் தோற்றது போங்கள்! வக்கீல்களின் தந்திரம் என்ற முறையில் இதில் தப்பில்லை. ஆனால் படமும் அந்தச் சல்லடையைக் கையில் வாங்கிக்கொண்டுவிடுகிறது. இவர்கள் எவ்வளவு நல்லவர்கள், எவ்வளவு அன்பானவர்கள், எவ்வளவு பொறுப்பானவர்கள், பாருங்கள், பாருங்கள் என்று இரண்டு மணி நேரம் நம் கையைப் பிடித்து இழுக்கிறது. எதிர்த்து ஓட்டுப் போட்ட பல லட்சம் பேர் ஏன் போட்டார்கள் என்று போய்க் கேட்கப் படத்துக்குப் பொறுமையில்லை. இப்போது இந்த வழக்கு வேண்டாம், தோற்றால் பல வருடம் பின்னால் போய்விடுவோம் என்று அந்த இயக்கத்துக்குள்ளேயே பலர் பயந்தார்கள். அதுவும் போகிற போக்கில் வந்து மறைகிறது.

யோசித்துப் பாருங்கள். ஆணும் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கொள்ள நாம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறோமா? குடிகாரனுக்குக் கல்யாணம் உண்டு. கடன்காரனுக்கு உண்டு. ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கும் உண்டு. ‘கால்கட்டுப் போட்டா திருந்திடுவான்’ என்று நாமே முன்னால் நின்று செய்துவைப்போம். ஆனால் இவர்கள் மட்டும் அப்பழுக்கில்லாத ஜோடி என்று நிரூபித்த பிறகுதான் ரிஜிஸ்தர் ஆபீஸ் படியேறலாமா? நல்லவர்களுக்கு மட்டும் தருவது பரிசு. உரிமை அப்படி வராது.

படத்தில் என்னை உண்மையிலேயே உலுக்கியது, படம் அதிகம் அலட்டிக்கொள்ளாத ஒரு சின்ன விஷயம். 2004-ல் சான்பிரான்சிஸ்கோ மேயர் கவின் நியூசம் துணிந்து தன்பாலின ஜோடிகளுக்குத் திருமண உரிமம் கொடுத்தார். அப்போதே கிறிஸ், சாண்டி இரண்டு பேரும் ஊரைக் கூட்டித் திருமணம் செய்துகொண்டார்கள். சில மாதத்தில் கோர்ட் அவையெல்லாம் செல்லாது என்றது. வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. உங்கள் திருமணம் ரத்து. எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பிய ஒரே மாதிரிக் கடிதம்.

இதை மட்டும் அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

புருஷன் கடலில் போனவர். சேர வேண்டிய பணத்துக்கு மனு கொடுக்கப் போனால், ‘நீதான் சம்சாரம்னு என்ன ஆதாரம்?’ என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. இவர் கல்யாணம் அதற்குப் பல வருடம் முன்னால், ஊர்க் கோயிலில்.

“தாலி கட்னது ஊருக்கே தெரியும் சார். ஆபீசுக்குத் தெரியணுமாம். எட்டு மாசம் நடந்தேன்.”

எந்த ஆபீஸ் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பந்தி வைக்கும்போது அந்தக் காகிதம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்கும்போதும், பென்ஷனுக்கு எழுதிப்போடும்போதும், உடலை வாங்கப் போகும்போதும்தான் ‘நீங்க யாரு?’ என்ற கேள்வி வருகிறது. கலிஃபோர்னியா தீர்ப்பு வந்த அதே 2013 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. எடித் விண்ட்சர் என்ற மூதாட்டியின் வழக்கு. நாற்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த துணைவி இறந்ததும், மத்திய அரசு இவரை மனைவியாக மதிக்காமல் 3,63,053 டாலர் வாரிசு வரி கட்டச் சொன்னது. எடித் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். கடப்பாக்கத்து விதவைக்கும் நியூயார்க் விதவைக்கும் பணக் கணக்கில்தான் வித்தியாசம்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம் என்பவர்களுக்கு, இதே மாவட்டத்தின் தலைநகரில் நடந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்துரிமை, விதவைத் திருமணம், ஜாதி பார்க்காமல் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்திருந்தது. ஐயர் இல்லை, அக்னி இல்லை. ஊர் சிரித்தது. சட்டம் சிரிக்கக்கூட இல்லை, கண்டுகொள்ளவே இல்லை. 1953-ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத அப்படியொரு திருமணம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. அதாவது, நம் தாத்தா பாட்டிகளில் பலர் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே ஆகாதவர்கள். அண்ணா முதல்வரான பிறகு 1967-ல் சட்டத் திருத்தம் வந்துதான், பழைய திருமணங்களும் செல்லும் என்று ஆயிற்று. 1928-லிருந்து எண்ணினால் 39 வருடம்.

அந்த 39 வருடமும், செல்லாது என்று தெரிந்தே ஆயிரக்கணக்கானவர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். சட்டம் பின்னால் மெதுவாக நடந்து வந்தது. ‘எய்ட்’ படத்தில் நான் தேடிக் காணாதது இதைத்தான். கோர்ட்டும் கோட்டும் சூட்டும் வருவதற்கு முன்னால், எத்தனையோ பேர் எத்தனையோ ஊரில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்து வாழ்ந்தார்களே, அவர்கள் இல்லாமல் இந்த வழக்கு ஏது?

நம் நாட்டில் 2023-ல் சுப்ரியோ வழக்கு நடந்தபோது, இது நகரத்து மேட்டுக்குடி எண்ணம் என்று மத்திய அரசு சொன்னது. அப்படியா? 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்பு பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து ஓடிவந்தவர்கள். ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தபோது, 2019-ல் மதுரைக் கிளை அதைப் பதிவு செய்யச் சொன்னது. அந்த ஜோடி தூத்துக்குடிக்காரர்கள். மேட்டுக்குடி என்றால் இவர்கள் கோர்ட் படி ஏறியிருக்கவே வேண்டாம். கனடாவுக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். மறுஆய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. இடையில் 2024-ல் மத்திய அரசு சில அறிவிப்புகள் செய்தது. ஒரே ரேஷன் கார்டில் இருக்கலாம், பேங்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் வைக்கலாம். துணை இறந்தால் உடலைப் பெற்றுக்கொள்ளலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது.

கடைசி மூன்று வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். முப்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர் நெருங்கிய உறவு இல்லை. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா நெருங்கிய உறவு.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண், வீட்டார் பிடித்து வைத்திருந்த தன் துணைவியை மீட்டுத் தரச் சொல்லி மனுப் போட்டார். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லி, நீதிபதிகள் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டார்கள். குடும்பம் என்று கோர்ட் ஒத்துக்கொண்டாயிற்று. பென்ஷனும் வாரிசுரிமையும் கொடுக்கிற ஆபீசுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

‘எய்ட்’ படத்தை அவசியம் பாருங்கள். குறை சொன்னேனே தவிர, வழக்கு என்றால் என்ன, அதற்கு எத்தனை பேரின் எத்தனை ராத்திரி செலவாகிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய படங்கள் குறைவு. கூடவே, நம் இளைஞர்கள் யாராவது தமிழில் ஒன்று எடுங்கள். அப்பழுக்கில்லாத ஜோடியைத் தேடாதீர்கள். சண்டை போடுகிற, கடன் வாங்குகிற, சீரியல் பார்க்கிற ஒரு ஜோடி போதும்.

படம் முடிந்தது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “நம்ம பக்கம்லாம் இது ஒத்து வராது சார்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. வாசல் வரை போனவர் திரும்பினார்.

“அதுங்களுக்குக் காயிதம் கெடைச்சுதா?”

“கெடைச்சுதும்மா.”

“பத்திரமா வெச்சுக்கச் சொல்லு சார். நான் லேமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன்.”