பங்குனிச் சேற்றில் சிவப்பு

தைப்பூசக் கூட்டம் கலைந்து தண்ணீர்மலை ஓய்ந்த பிறகு பினாங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நான் எதிர்க்கரைக்கு அனுப்புவேன். பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்கு வடக்கே போனால், தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை சேற்றுக்கரை நீள்கிறது. நமக்கு வசந்தம் என்று தனிப் பருவம் இல்லை. ஆனாலும் பங்குனி, சித்திரையில் அந்தச் சேற்றுக்கு வசந்தம் வந்துவிடும். சைபீரியாவுக்குத் திரும்பும் கரைப்பறவைகள் அப்போது அங்கே தங்கி இரை தேடும்.

புறப்படும் முன் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். நீர் முழுக்க வற்றியிருந்தால் பறவைகள் வெகுதூரத்தில் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, அவை நம்மை நோக்கி வரும். உச்சி நீருக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். காலையில் நீரேறும் நாளாகப் பாருங்கள்; கரை மேற்கு நோக்கியது, மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

பெயர் கண்டுபிடிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் நிறத்தைப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி சாம்பலும் பழுப்புமாக இருக்கும் மூக்கன்களுக்கும் வளைமூக்கு உள்ளான்களுக்கும் இப்போது கழுத்திலும் மார்பிலும் செங்கல் சிவப்பு ஏறிக்கொண்டிருக்கும். ஒரே கூட்டத்தில் முழுச் சிவப்பு ஒன்று, பாதி மாறியது ஒன்று, இன்னும் சாம்பலாகவே ஒன்று. எனக்கு அந்தப் பாதி மாறியவைதான் அழகு.

பிறகு அலகு. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு. ஓடும், சட்டென நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். குதிரைமலைக் கோட்டான் நீண்டு வளைந்த அலகை ஆழச் செலுத்தி நண்டை இழுக்கும். மூக்கனால் அலகு நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே திறந்து புழுவைப் பிடிக்க முடியும். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் சண்டையின்றி மேய்வது இந்த அலகுக் கணக்கால்தான். நோர்ட்மன் பச்சைக்காலி என்ற அரிய பறவையும் இங்கே பதிவாகியிருக்கிறது. ரஷ்யாவின் கிழக்கோரத்தில் மட்டுமே கூடு கட்டும் அது, அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

இவ்வளவு மும்முரமாகத் தின்பது வெறும் பசிக்காக அல்ல. கொழுப்புதான் இவற்றின் எரிபொருள். இவற்றின் உறவான பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல், 11 நாளில் பறந்தது. வழியில் இரை தேடும் இடம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தை 2006இல் 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி அடைத்தார்கள். அங்கே தங்கிச்சென்ற கிரேட் நாட் என்ற உள்ளான் இனம் பெருமளவில் சரிந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கூட்டம் வானில் சுழல்வதைப் படமெடுக்க யாரும் கைதட்டிக் கலைக்காதீர்கள், சேற்றில் இறங்கி நெருங்காதீர்கள். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஒரு பைனாகுலர், தொப்பி, தண்ணீர் போதும்.