‘ஹரிதாஸ்’ திரைப்படமும் விடையின் இலக்கணமும்: ஆட்டிசக் குழந்தையின் மொழி குறித்த திறனாய்வு

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், ஹரிதாஸ், எதிரொலிப் பேச்சு, கிளவியாக்கம், உள்ளடக்கிய கல்வி

முன்னுரை

ஆட்டிசம் உடைய குழந்தையை மையப் பாத்திரமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் மிகச் சில. அவற்றுள் ஜி.என்.ஆர். குமரவேலன் இயக்கத்தில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ குறிப்பிடத்தக்கது. அக்குழந்தையின் மொழியும் சமூக உறவும் எவ்வாறு வளர்கின்றன என்னும் வினாவிற்கு இப்படம் தரும் விடையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் வலிமை

காவல்துறை அதிகாரியான சிவதாஸ், தாயை இழந்த தம் மகன் ஹரியின் பொறுப்பை, அவனை வளர்த்த பாட்டியின் மறைவுக்குப் பின் ஏற்கிறார். ஆசிரியை அமுதவல்லி பள்ளியில் அவனுக்கு அணுக்கமாகிறார். மகனின் நாட்டம் குதிரையின் மீது நிலைப்பதைத் தந்தை கண்டுகொள்ள, அதன் வழியே ஓட்டப் பயிற்சி தொடங்குகிறது. குழந்தையைத் தம் பக்கம் இழுக்காமல், அது நோக்கும் பொருளின் பக்கம் பெரியவர் செல்லுதல் என்னும் நெறி இங்குக் காட்சியாகிறது. ஒரே பொருளை இருவர் சேர்ந்து நோக்கும் ‘கூட்டுக்கவனம்’ மொழி வளர்ச்சிக்கு அடிப்படை என்பது உளவியலார் ஏற்கும் கருத்து. படத்தின் சிறப்பு இதிலேயே உள்ளது.

படத்தின் எல்லை

ஆயினும், நாட்டம் உரையாடலாக விரிவதற்கு முன்பே போட்டியாக மாறிவிடுகிறது. ஹரி எவ்வளவு விரைவாக ஓடுகிறான் என்பதில் கதை காட்டும் அக்கறை, அவன் தன் விருப்பத்தை எவ்வாறு தெரிவிக்கிறான் என்பதில் இல்லை. குறையை ஈடுசெய்யும் திறமை ஒன்று இருந்தால்தான் குழந்தை ஏற்கப்படும் என்னும் உட்பொருளை இது தருகிறது.

விடையும் வழுவும்

படம் தவறவிட்ட இடத்தைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு விளக்கலாம். ஆட்டிசம் உடைய குழந்தைகள் சிலர் கேட்ட வினாவையே திருப்பிச் சொல்வர். இவ்வாறு திருப்பிச் சொல்வது உடன்பாட்டைக் குறிக்கலாம் என்பதை லியோ கேனர் 1943லேயே பதிவுசெய்தார். எதிரொலிப் பேச்சு பல்வேறு தொடர்புப் பயன்களை உடையது என்பதை பேரி பிரிசன்ட், ஜூடித் டூகன் ஆகியோரின் 1981ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

“பால் வேண்டுமா?” என்னும் தாயின் வினாவிற்குக் குழந்தை “பால் வேண்டுமா?” என்றே விடையிறுப்பதாகக் கொள்வோம். தமிழில் இவ்வினாவிற்கும் “பால் வேண்டும்” என்னும் விடைக்கும் இடையே உள்ள வேறுபாடு ‘ஆ’ என்னும் வினா இடைச்சொல் மட்டுமே. ‘உனக்கு’, ‘எனக்கு’ என்பன இயல்பான பேச்சில் தொக்கு நிற்கும். எனவே குழந்தை பொருளை எட்டிவிட்டது. எஞ்சியிருப்பது ஓர் ஒலியே.

தொல்காப்பியக் கிளவியாக்கம், வினாவிற்கு எதிராக வரும் வினாவையும் செப்பாகவே கொள்கிறது. பொருளோடு இயைந்திருப்பின் செப்பு வழுவினும் அது நீக்கப்படாது என்கிறது. இவ்விதிகள் எதிரொலிப் பேச்சைக் கருதி எழுந்தவை அல்ல. எனினும், விடையை வடிவத்தால் அன்றிப் பொருளால் அளக்கும் அந்நோக்கு இங்குப் பொருந்துவதாகும். அந்நோக்கின்படி, குழந்தையைக் கடிந்து திருத்துவதற்கு மாறாக, “எனக்குப் பால் வேண்டும்” என அதன் சார்பில் சொல்லிக்காட்டி உடனே பாலைத் தருதலே பயிற்சியாகும். சொல்லுக்குப் பயன் உண்டு என்பதைக் குழந்தை அப்போது உணர்கிறது. பேச்சு வாராத குழந்தைக்குப் படஅட்டையும் சைகையும் அவ்வாறே விடையாகும்.

முடிவுரை

ஓட்டப் பயிற்சியாளரும் திடலும் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதில்லை. விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் ஒன்றியம் போன்ற ஊரகப் பகுதிகளில் குழந்தைக்கு வாய்ப்பவர் வகுப்பாசிரியரும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும், வீட்டாருமே. ஆட்டிசத்தைத் தனி வகையாக ஏற்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்குகிறது. அக்கடமை வகுப்பறையில் நிறைவேற, வெற்றிக்காகக் காத்திராமல் வழுவுடைய விடையையும் விடையாகக் கேட்கும் செவி வேண்டும். குழந்தையின் பார்வையைப் பின்தொடரக் கற்பித்த ‘ஹரிதாஸ்’, அதன் சொல்லையும் பின்தொடர்ந்திருப்பின் முழுமை பெற்றிருக்கும்.