பரேந்தி என்றால் உம்மா வாப்பா இல்லை

ராத்தாவின் மகள் அடுத்த மாதம் இத்தாலிக்குப் போகிறாள். மாப்பிள்ளை பலேர்மோவில் வேலை. பாலமுனையில் வெளிநாடு என்றால் சவூதி, கட்டார், குவைத் என்றுதான் பேச்சு. இத்தாலி என்றதும் நீர்கொழும்பு, வென்னப்புவப் பக்கத்து ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அரபு சொல்லித்தர ஊரில் வீட்டுக்கு வீடு ஆளுண்டு. இத்தாலிய மொழிக்கு, நாபோலியில் ஐந்து வருடம் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் அவளுக்கு வாய்த்தேன்.

என்னிடம் வருமுன்பே அவள் சி.ஆர். கொப்பி ஒன்றை நிரப்பியிருந்தாள். பக்கத்துக்கு இரண்டு கோடு. முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து அதற்கு நேரான இத்தாலியச் சொல், கடைசியில் தமிழில் உச்சரிப்பு. மொழி படிக்கிற பலரும் கைக்கொள்ளும் முறை இது.

இதை லேசில் தள்ளிவிட முடியாது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாகவும் நூல்கள் வழியாகவும் லத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாகப் புகுந்தன. இத்தாலியமோ லத்தீன் பெற்ற பிள்ளை. அதனால் ‘ஸ்டேஷன்’ அங்கே ‘ஸ்தாத்ஸியோனே’, ‘ஃபேமஸ்’ அங்கே ‘ஃபமோஸோ’. ஈற்றை மாற்றத் தெரிந்துவிட்டால், ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் பாதி உழைப்பில் கிடைக்கும். 2010 டிசம்பரிலிருந்து நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஏ2 தர மொழிப் பரீட்சை, 2018 முதல் குடியுரிமைக்கு பி1 தரம் என்று இத்தாலி கேட்கிறது. பரீட்சைக்குப் போகிறவருக்கு இந்தப் பட்டியல் பெரிய துணை.

ஆனால் பட்டியல் எங்கே உதவுகிறது என்று பாருங்கள். பஸ்ஸப்போர்த்தோ, தொக்குமெந்தோ, சேர்த்திஃபிகாத்தோ. எல்லாம் கந்தோர்ச் சொற்கள். ஆங்கிலம் சட்டத்துக்கும் படிப்புக்கும் லத்தீனைக் கடன் வாங்கிவிட்டு, வீட்டுக்குள் பெரும்பாலும் தன் பழைய சொற்களையே வைத்துக்கொண்டது. பிரெட், வோட்டர், கீ என்பவற்றை வைத்து இத்தாலியில் எதையும் ஊகிக்க முடியாது. அங்கே நம் பெண்களில் பலர் வேலை செய்வது வீடுகளுக்குள். அரை மணி நேரம் நிற்கும் கந்தோரில் கைகொடுக்கும் பட்டியல், நாள் முழுக்க நிற்கும் குசினியில் கைவிட்டுவிடுகிறது.

சில இடங்களில் பொய்யும் சொல்கிறது. “மாமா, பேரன்ட்ஸ் எண்டா பரேந்திதானே?” என்று கேட்டாள். பரேந்தி என்றால் சொந்தக்காரர். உம்மா வாப்பாவுக்கு ‘ஜெனித்தோரி’. ஒரு விண்ணப்பப் படிவத்தில் இந்த இரண்டும் மாறினால் எவ்வளவு அலைய வேண்டிவரும்! நான் நாபோலியில் இறங்கிய முதல் நாள், ‘சி’ என்று எழுதியிருந்த குழாயைக் குளிர்நீர் என்று நம்பித் திறந்தேன். அந்த ‘சி’ கோல்ட் அல்ல, ‘கால்தோ’. கால்தோ என்றால் சூடு. கை சிவந்து இரண்டு நாள் எரிந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தைப் பாலமாக வைத்ததில், தன் கையிலேயே இருந்த சொற்களை அவள் காணவில்லை. 1505இல் வந்து 1658இல் வெளியேறிய போர்த்துக்கேயர் நம் வீடுகளில் விட்டுப்போன சொற்கள் எத்தனை! அவர்கள் மொழியும் லத்தீன் வழி வந்ததுதான். பாண் இத்தாலியத்தில் ‘பானே’. குசினி ‘குச்சீனா’. நாம் திறப்பு என்று சொன்னாலும் நமக்குத் தெரிந்த சாவி, ‘கியாவே’. ஆங்கிலம் திறக்காத குசினிக் கதவை நம் உம்மாமாரின் தமிழ் திறக்கிறது.

இலக்கணத்திலும் அப்படித்தான். ‘வெங்கோ’ என்ற ஒரு சொல்லே ‘வருகிறேன்’. ‘நான்’ தனியாக வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் ‘யூ’வில் கரைந்துபோன நீயும் நீங்களும் அங்கே ‘தூ’, ‘லேய்’ என்று உயிரோடு இருக்கின்றன. காஸா வீடு, கஸ்ஸா கடையில் காசு கட்டும் இடம். களிக்கும் கள்ளிக்கும் வித்தியாசம் கேட்கிற காதுக்கு இது சிரமமே இல்லை. அவளோ ஆங்கில வாசிப்பில் போய், இரண்டுக்கும் ‘காஸா’ என்றே எழுதியிருந்தாள். ‘ஐ லைக்’ என்பதற்கு நேராக எதையும் எழுத முடியாமல் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். இத்தாலியர் சொல்வது ‘மி பியாச்சே’. எனக்குப் பிடிக்கும்.

அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. “நம்மட பேச்சு மாதிரியே இரிக்கி மாமா. அப்ப எனக்குப் பசிக்குது எண்டதுக்கு?”

‘ஓ ஃபாமே’ என்றேன். பசியை வைத்திருக்கிறேன் என்பது போன்ற அமைப்பு. அந்த இடத்தில் ஆங்கிலமும் பொருந்தவில்லை, தமிழும் பொருந்தவில்லை. அவள் முதல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டாள்.