அலை தந்த வாசிப்பு: 'பொன்னியின் செல்வன்' குறித்துச் சில எண்ணங்கள்

ஒரு நூலை வாசகர் தேர்ந்தெடுப்பது அவர்தம் தனிவிருப்பத்தால் என்று கருதுவது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். சுவை, கல்வி, பயிற்சி ஆகியவற்றைக் கொண்டே வாசிப்பை விளக்க முற்படுகிறோம். ஆயின், பலர் ஒரே காலத்தில் ஒரே நூலை நாடுமிடத்து இவ்விளக்கம் போதாமற் போகின்றது. 2022 செப்டம்பர் 30ஆம் நாள் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதற்பாகமும், 2023 ஏப்ரல் 28இல் அதன் இரண்டாம் பாகமும் வெளிவந்ததை ஒட்டிக் கல்கியின் புதினத்திற்குக் கிடைத்த புதிய வரவேற்பு அத்தகையது. அதுகாறும் தமிழ்ப் புதினம் எதனையும் கையிலெடுத்திராத மாணவர் சிலர் ஐந்து பாகங்களையும் தேடி வந்ததை நாமே கண்டோம். ஆசிரியர் பலர் மகிழ்ந்தனர். வேறு சிலர், திரையைப் பார்த்துவிட்டு வருவதெல்லாம் வாசிப்பாகுமா என ஐயுற்றனர். அந்த ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அலையால் தீண்டப்படாத தூய வாசிப்பு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது என்னும் நம்பிக்கை அவ்வையத்தின் அடியில் மறைந்துள்ளது. 'பொன்னியின் செல்வன்' நூலைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு இடமில்லை. 1950 அக்டோபர் முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடர்கதையாக வந்த புதினம் அது. ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் பாத்திரங்களுக்கு முகம் தந்தன. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரத்தை எண்ணி ஏங்கும் இடத்தில் நின்றது. இதழ்ப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பைண்டு செய்து வீட்டில் வைத்துக்கொண்ட தலைமுறையை நம்முள் மூத்தோர் அறிவர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவ்விதழ்கள் கப்பல்வழி வந்து சேரும்வரை காத்திருந்து, ஒருவர் படித்தபின் மற்றொருவர் என்று கைமாற்றிப் படித்தனர். நூலின் இறுதியில் கல்கி எழுதிச் சேர்த்த முடிவுரை இவ்வகையில் ஓர் அரிய சான்று. கதை முடிந்தபின் இன்னின்னார் என்ன ஆயினர் என்று வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு ஆசிரியரே விடையிறுக்கும் பகுதி அது. வாசகர் கூட்டத்தின் ஆர்வம் நூலின் எல்லைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. ஆகவே 1950களின் வாசகரும் அலையில் வந்தவரே. அவரை ஏற்றி வந்த மரக்கலம் வேறு, அவ்வளவே.

அலை எழுவதற்குப் புறக்காரணங்களும் துணைபுரிய வேண்டும். கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன்பின் எப்பதிப்பகமும் அவற்றை அச்சிடலாம் என்றாயிற்று. மலிவுப் பதிப்புகள் பெருகின. திரைப்படம் வந்தபோது நூல் எளிதிற் கிடைத்தது. கிடைக்காத நூலுக்கு அலை எழுந்தும் பயனில்லை.

இனி, அலையில் வந்த வாசகர் நூலுக்குள் எதனைக் காண்கிறார் என்பதை நோக்குவோம். நம் கருத்தில் ஆய்வுக்குரிய பகுதி இதுவே. கடம்பூர்ச் சம்புவரையர் மகளாகிய மணிமேகலை என்னும் பாத்திரம் திரைப்படத்தில் இல்லை. இரண்டு பாகங்களில் கதையை அடக்க வேண்டிய இயக்குநர் அவளை விட்டது புரிந்துகொள்ளத்தக்கதே. புதினத்திலோ, வந்தியத்தேவன்மீது ஒருதலைக் காதல் கொண்டு, ஆதித்த கரிகாலன் கொலைப்பழி அவனைச் சேராதிருக்க அதனைத் தன்மேல் ஏற்க முற்படுபவள் அவள். ஐந்தாம் பாகத்திற்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர். அருள்மொழிவர்மன் தனக்குரிய மணிமுடியைப் பிறர்க்கு ஈவதையே அப்பெயர் குறிக்கிறது என்று பொதுவாகக் கொள்வர். ஆனால் கதை முடிசூட்டு விழாவோடு முடியவில்லை. 'மலர் உதிர்ந்தது' என்னும் கடைசி அத்தியாயம் மணிமேகலையின் மரணத்திற்கு உரியது. அரியணையைத் துறந்தவன் வரலாற்றில் இராசராசனாகப் போற்றப்படுகிறான். தன்னையே துறந்தவளுக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. இவ்விரு தியாகங்களையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டாவதற்கே இறுதிச் சொல்லைக் கல்கி தந்திருக்கிறார். வெறும் வீரக்கதை எழுதியவர் என்று அவரை ஒதுக்கும் திறனாய்வாளர் இந்த முடிவை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.

திரைவழி வந்த மாணவருக்கு மணிமேகலை முற்றிலும் புதியவள். பிற பாத்திரங்களுக்கு நடிகர் முகம் மனத்தில் ஏற்கெனவே பதிந்துள்ளது. இவளை மட்டும் அவர் எழுத்திலிருந்தே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இவ்விடத்தில்தான் அவர் படிக்கத் தொடங்குகிறார் என்று சொல்லலாம். 'இவள் ஏன் படத்தில் இல்லை?' என்பது வகுப்பில் எழுந்தால், ஒரு நல்ல திறனாய்வுப் பாடம் தானே அமைந்துவிடும்.

அலையை இவ்வளவு பரிந்துரைக்கும் நமக்கு அதன்மேல் ஒரு குறையும் உண்டு. அது நூலை மட்டும் கொண்டு வருவதில்லை. நூலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கொண்டு வருகிறது. தமிழகத்திலிருந்து வந்த இவ்வலை சோழப் பெருமிதத்தை ஏந்தி வந்தது. புதினத்தின் கதையோ இராசராசன் முடிசூடிய 985ஆம் ஆண்டிற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இராசேந்திரனின் கடற்படையெடுப்பு 1025இல் நிகழ்ந்தது. அவனது மெய்க்கீர்த்தியில் கடாரமும் ஸ்ரீவிசயமும் இலங்காசோகமும் வென்ற இடங்களாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தஞ்சையில் அமர்ந்து படிப்பவருக்கு இவை தொலைவிலுள்ள பெயர்கள். நமக்குக் கடாரம் என்பது கெடா. பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் அருகிலுள்ள சண்டியும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துத் திரும்பும் இடங்கள். வென்றவர் மொழியைப் பேசிக்கொண்டு, வெல்லப்பட்டதாகச் சொல்லப்படும் மண்ணில் வாழ்கிறோம். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' போன்ற சோழப் புதினங்களை இந்த இரட்டை நிலையிலிருந்து படிக்கும் வாய்ப்பு நம்மவர்க்கே உண்டு. அவ்வாறு படிக்கும் முயற்சி அரிதாகவே காணப்படுகிறது. பெருமிதத்தை அப்படியே இறக்குமதி செய்துகொள்கிறோம்.

மற்றொன்றையும் இங்குச் சுட்ட வேண்டும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மெடானிலும் பினாங்கிலும் நிகழும் போர்க்காலக் கதை. 1972இல் நூலாக வந்தபோது அதற்கு எந்த அலையும் எழவில்லை. பின்னர் தமிழகத் திறனாய்வாளரும் எழுத்தாளரும் மீண்டும் மீண்டும் பேசியதாலேயே அது தேடிப் படிக்கும் நூலாயிற்று. நம் கடற்கரையைப் பற்றிய நூலுக்கும் பரிந்துரை அக்கரையிலிருந்தே வந்தது! சயாம் மரண ரயிலின் துயரத்தை எழுதிய ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவற்றுக்கு அத்தகைய பேச்சு கிட்டவில்லை. தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் அந்த ரயில் பாதைக்குச் சென்று திரும்பாதவர் இருந்தனர். அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சோழ இளவரசரின் கொலையாளி யார் என்று ஆர்வத்துடன் விவாதிக்கக் கேட்கிறோம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு நூலைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டே மற்றவர் அதனைத் தேடுகின்றனர். இந்நூல்களைப் பற்றிப் பேச வேண்டியவர் நாம். நாமோ பெரும்பாலும் கருத்தரங்கக் கட்டுரைகளில் மட்டுமே பேசியிருக்கிறோம், அதுவும் நமக்குள்.

அண்மையில் ஐந்து பாகங்களையும் முடித்த மாணவி ஒருவர், 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று கேட்டு வந்தார். சாண்டில்யனின் 'கடல் புறா'வைத் தாமே குறித்து வைத்திருந்தார். அதன் முதற்பாகத்துடன் 'புயலிலே ஒரு தோணி'யையும் கொடுத்தனுப்பினோம். சாண்டில்யன் இரு வாரங்களில் திரும்பி வந்தது. மற்றது இன்னும் அவரிடமே இருக்கிறது. பினாங்குத் தெருக்கள் வரும் பகுதியில் நிற்பதாகச் சொன்னார்.