‘சமூக அமைப்பு’ எனும் கருத்தாக்கமும் காஞ்சிபுரம் பட்டு நெசவும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வுகளில் ‘சமூக அமைப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் சாதியமைப்பையே சுட்டி நிற்கிறது. இதனால் உழைப்பு ஒழுங்குபடுத்தப்படும் முறை ஆய்வுக்கு உட்படாமல் போகிறது. காஞ்சிபுரம் பட்டு நெசவை முன்வைத்து இக்கட்டுரை அவ்விடைவெளியைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சமூகக் கட்டமைப்பு, சமூக ஒழுங்கமைப்பு, கைக்கோளர், கோர்வை, கூட்டுறவுச் சங்கம்.

முன்னுரை

இரேமண்ட் ஃபர்த் 1951இல் வெளியிட்ட நூலில் கட்டமைப்பையும் ஒழுங்கமைப்பையும் வேறுபடுத்தினார். நிலைபெற்ற உறவுகளின் தொடர்ச்சி கட்டமைப்பு ஆகும். அவ்வுறவுகளுக்குள் மனிதர் தேர்ந்தும் முடிவெடுத்தும் செயல்களை வகுத்துக்கொள்வது ஒழுங்கமைப்பு ஆகும். தமிழில் இவ்விரண்டையும், சங்கம் போன்ற நிறுவனத்தையும் ‘அமைப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இதனைச் சொற்குறை என்று மட்டும் கொள்ளலாகாது. எதனைத் தரவாகத் திரட்டுகிறோம் என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது.

சாதியும் தொழிலும்

மேட்டிசன் மைன்ஸின் ‘தி வாரியர் மெர்ச்சண்ட்ஸ்’ (1984) கைக்கோளர் சமூகத்தைப் பற்றிய முதன்மையான ஆய்வாகும். வேளாண் சிற்றூரையே தென்னிந்தியச் சமூகத்தின் அடிப்படை அலகாகக் கொண்ட பார்வைக்கு அது மாற்றாக அமைந்தது. நெசவும் வணிகமும் தமக்கெனத் தனி நிலப்பரப்பை வகுத்துக்கொண்டன என்பதை அந்நூல் காட்டியது. கைக்கோளரின் 72 நாடுகளுக்குக் காஞ்சிபுரமே தலைமையிடம் என்னும் மரபும் இதற்கு அரணாகிறது. ஆயினும் இங்கு ஆய்வின் அலகு ஒரு சாதியே. காஞ்சிபுரத்திலோ செங்குந்தர், பத்மசாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் எனப் பல சமூகத்தார் ஒரே தொழிலைச் செய்துவந்துள்ளனர். எனவே சாதியின் கட்டமைப்பை விளக்குவதனால் தொழிலின் ஒழுங்கமைப்பு விளங்கிவிடாது.

உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடும் (10ஆம் நூற்றாண்டு) இவ்வகையில் கருதத்தக்கது. காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியரிடம் ஊரகத் திருக்கோயிலின் வரவுசெலவுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அது கூறுகிறது. நெசவாளர் இங்குப் பிறப்பால் மட்டும் சுட்டப்படவில்லை. குடியிருப்பாலும் பொறுப்பாலும் இணைந்த குழுவாகவும் சுட்டப்படுகின்றனர். இதனைச் சாதி வரலாற்றுச் சான்றாக மட்டும் வாசிப்பது அதன் பொருளைக் குறுக்குவதாகும்.

தறியும் கணக்கும்

இவோன் ஆர்ட்டர்பர்ன் 1982இல் வெளியிட்ட நூல் காஞ்சிபுரத்தின் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்கிறது. சாதியிலிருந்து உற்பத்தி உறவுகளை நோக்கிப் பார்வையைத் திருப்பியதே அதன் பங்களிப்பு. அவ்வழியில் அடுத்து எழுப்பவேண்டிய வினா, ஒழுங்கமைப்பு எங்கே தொடங்குகிறது என்பதாகும்.

கோர்வைச் சேலையில் உடலுக்கும் இருபுறக் கரைகளுக்கும் தனித்தனி ஊடை செல்வதால் மூன்று நாடாக்கள் தேவைப்படுகின்றன. மரபான தறியில் நெசவாளருக்கு அருகில் ஒரு துணையாள் அமர்ந்தாக வேண்டும். மனைவியோ பிள்ளையோ அவ்விடத்தில் அமர்வது நெடுங்கால வழக்கம். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் நெய்வதற்கு முன்னரே நடைபெறும் வேலைகள். ஆனால் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியின் கணக்கில் சேலைக்கு ஒரு கூலியே பதிவாகிறது. சங்கக் கணக்கிலும் உறுப்பினரின் பெயரிலேயே கூலி எழுதப்படுகிறது. ஒரு சேலையில் இருவர் அல்லது மூவரின் உழைப்பு அடங்கியிருக்க, ஏடு ஒருவரையே அறிகிறது. ஏட்டை மட்டும் தரவாகக் கொள்ளும் ஆய்வு அவ்விடுபடலைத் தானும் மீண்டும் நிகழ்த்துகிறது.

2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் பொருளையும் இடத்தையும் காக்கிறது. அப்பொருளை உருவாக்கும் வீட்டின் வேலைப்பகிர்வு அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது.

முடிவுரை

‘சமூகக் கட்டமைப்பு’, ‘சமூக ஒழுங்கமைப்பு’ என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தி ஆள்வது தமிழ் ஆய்வுக்கு இன்றியமையாதது. அவ்வாறு ஆளும்போது, நெசவாளர் யார் என்னும் வினாவுடன் ஒரு சேலையை யார் யார் சேர்ந்து நெய்கின்றனர், அவர்களுள் யாருக்குக் கூலி எழுதப்படுகிறது என்னும் வினாக்களும் எழும். களஆய்வின் அலகாகச் சாதியையும் சங்கத்தையும் கொள்வதோடு தறியிருக்கும் வீட்டையும் கொண்டால்தான் இவற்றுக்கு விடை காண இயலும்.