நடுக்கோட்டின் நடை

சென்னை காசிமேட்டுக் கல்யாண வீடியோக்களுக்கு நான் நெடுநாள் ரசிகன். மண்டபத்துப் பெரிய திரையில் ஓடினால் பந்தியைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு நின்று பார்ப்பேன். மணமக்களை விட, திரை இரண்டாகப் பிரியும் இடத்தைத்தான் கண் தேடும். ஒரு பாதியில் பெண் வீடு, மறு பாதியில் மாப்பிள்ளை வீடு. பிரிப்பது யாருக்கும் வரும். அந்த நடுக்கோடு எப்போது, எதனால் நகர்கிறது என்பதில் எடிட்டரின் கை தெரிந்துவிடும்.

தமிழ் சினிமா இந்தக் கோட்டை மறைக்கத்தான் முதலில் கற்றுக்கொண்டது. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அந்தக் காலத்து இரட்டை வேடம் என்றால், லென்ஸில் பாதியை மறைத்துப் படம்பிடித்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியைத் திறந்து இன்னொரு முறை எடுப்பது. கோடு தெரிந்தால் மானம் போச்சு. 1968இல் வந்த ‘தி தாமஸ் கிரௌன் அஃபேர்’ படத்திலோ திரைப் பிரிப்பை வடிவமைத்த பாப்லோ ஃபெரோ கோட்டையே அலங்காரமாக்கினார். அதன் போலோ ஆட்டத்தில் கட்டங்கள் பெருகிக்கொண்டே போகும்.

காசிமேட்டு வீடியோக்களில் எனக்கு மிகவும் பிடித்தது கல்யாண வீடியோ அல்ல; ஒரு லாஞ்ச், அதாவது விசைப்படகு, மீன்பிடித்துத் திரும்பும் அதிகாலையைக் காட்டும் சின்ன வீடியோ. இடப்பக்கம் கடலில் படகு, வலப்பக்கம் ஏலத்துக்குக் காத்திருக்கும் கூட்டம். படகு இடமிருந்து வலமாக வருகிறது. அதன் மூக்கு நடுக்கோட்டைத் தொட்ட ஃப்ரேமில் கோடு நகரத் தொடங்குகிறது. படகே கோட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. கூட்டம் இருந்த திரைப் பாதி ஒடுங்கி ஒடுங்கி ஓரத்தில் மறையும்போது, அதே கூட்டம் படகுக்கு எதிரே நிஜக் கரையில் தெரிகிறது. இரண்டு இடம் ஓர் இடமாகிவிட்டது. கோடும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. படகு வேகம் தணியத் தணிய அதுவும் தயங்குகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் இந்த நகர்வுக்கு எடிட்டர் ஐம்பது ஃப்ரேமாவது கொடுத்திருப்பார். கோட்டின் இடத்தைக் குறிக்கும் கீஃப்ரேம்களைக் கண்ணால் அளந்து வைத்த பொறுமை அது.

பழகாத கை தடுமாறுவது வேறு இடத்தில். கிளிப்புகளைச் சுருக்கிப் பாதித் திரையில் வைத்துவிட்டு, அப்புறம் அவற்றுக்கு நடுவில் ஒரு படத்தை மறு படம் துடைத்துக்கொண்டு வரும் ‘வைப்’ போட்டால், பிரீமியர் போன்ற மென்பொருளில் அது பாதித் திரையின் எல்லையை மதிக்காது. முழுத்திரையின் ஓரத்திலிருந்து கிளம்பி, வெற்றிடத்தைத் துடைத்து நேரத்தை வீணாக்கிவிட்டு, படத்தை அவசரமாகக் கடக்கும். ஒரு பக்கத்துக் கிளிப்புகளை முழு அளவிலேயே ஒட்டி, வைப்பையும் அங்கேயே போட்டு, மொத்தத்தையும் ஒரே கிளிப் போல நெஸ்ட்டாகக் கட்டிய பிறகுதான் சுருக்க வேண்டும். அறைக்குள் நடப்பது அறைக்குள்ளேயே முடியும். இரண்டு பக்கமும் சேர்ந்து மறைய வேண்டுமானால், இரண்டு நெஸ்ட்டையும் இன்னொரு நெஸ்ட்டில் அடக்கி அதன் மேல் வைப்பைப் போட வேண்டும். டாவின்சி ரிசால்வில் இந்த நெஸ்ட்டுக்கு காம்பவுண்ட் கிளிப் என்று பேர்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோக்கள் இப்போது இந்தக் கலைக்கு ஒரு வரம். 9:16 அளவில் உள்ளதை 1080 உயரத்துக்கு வைத்தால் அகலம் ஏறக்குறைய 607 பிக்ஸல். மூன்றை வரிசையாக நிறுத்தினால் 1920இல் நூறு பிக்ஸலுக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். கோடுகளுக்கு அளவெடுத்த இடம்! வலை இழுப்பு, ஐஸ் உடைப்பு, எஞ்சின் அறை என்று மூன்றும் அருகருகே நிற்கும். மூன்றும் ஒரே சமயத்தில் மாறினால் கண் எங்கும் தங்காது. ஒன்று மாறும்போது மற்ற இரண்டும் அடங்கி இருக்க வேண்டும். கட்டத்துக்குள் டிஸால்வ் வேண்டாம், நேர் கட்டே போதும் என்பது என் கட்சி. அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு படம் கரைந்தால் எதுவும் விளங்காது.

ரோஜா இதழ் உதிர, கோயில் கதவு திறக்க, பக்கம் புரள என்று ரெடிமேடாகக் கிடைக்கும் டிரான்சிஷன்களுக்கும் ரசிகர்கள் உண்டு. என் அக்கா அவர்களில் ஒருத்தி. வாதாடிப் பயனில்லை.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு பாதியின் சத்தமும் சம அளவில் கேட்டால் எந்தப் பாதியைப் பார்ப்பது என்று தெரியாது. அந்த லாஞ்ச் வீடியோவில் முதலில் எஞ்சின் மட்டும். கோடு அசைவதற்குப் பத்துப் பதினைந்து ஃப்ரேம் முன்பே வஞ்சிரத்துக்கு விலை கேட்கும் குரல் அடியில் ஏறத் தொடங்குகிறது. கண்ணுக்கு முன்னால் காது கரை சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் கூட்டம் ஓரத்தில் மறைந்தபோதும் அதை இழந்ததாகத் தோன்றவில்லை. அதே குரலை ஒரு நொடி தள்ளிப் போட்டிருந்தால், அந்தப் படகு கோட்டைத் தள்ளுவது வெறும் எஃபெக்டாகத்தான் தெரிந்திருக்கும்.